துணி ஏன் மிதந்தது

ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் ஒருமுறை ஒரு கல்லூரி ஆசிரியர் அறிவியல் பற்றிப் பேசினார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, கோட்பாடு என்றாலே வெறும் ஊகம்தானே சார் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், நாலு பேர் நடுவே வாய் திறக்க வராதவன். அதனால் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இரண்டும் ஒன்றில்லை.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் யூனிட் ஒன்றில் இருந்தேன். தறியிலிருந்து வரும் துணியை ஆள் உயர இரும்புப் பானையில் காஸ்டிக் சோடா போட்டு அவிப்பது என் வேலை. அவித்தால்தான் பஞ்சிலிருக்கும் மெழுகு போகும். வெளுத்துக் காயவைத்த பிறகு பெண்கள் மடித்துக் கட்டுவார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. சரியாக அவிந்த துணியைத் தண்ணீரில் போட்டால் உடனே முங்கும். மிதந்தால் அது புண்ணில் வைக்க ஆகாது.

ஒரு கோடையில் துணி மிதக்க ஆரம்பித்தது. எல்லாம் இல்லை, கட்டுக்கு நாலைந்து. சரக்கு திரும்பி வந்தது. யூனிட்டை மேற்பார்த்த மாஸ்டர் உடனே காரணம் சொன்னார்: பெண்கள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறார்கள், தலையைத் தொட்ட கையால் துணியைத் தொடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார். மாசக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் பெண்களை மொத்தமாக நிறுத்திவிட்டு ஆண்களை வைக்கப் போவதாகவும் சொன்னார்.

எட்டு நாள் வறண்ட தலையோடு வந்தார்கள். துணி அப்படியும் மிதந்தது. என் மனைவி அவரிடமே போய்க் கேட்டாள்.

"பழைய எண்ணெ மண்டைக்குள்ள ஊறிக் கெடக்கும்லா. அது அம்புட்டு லேசுல போவாது" என்றார்.

"அப்ப மொட்டை போட்டுட்டு வரவா, மாஸ்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எண்ணெய் வைத்தாலும் எண்ணெய்தான், வைக்காவிட்டாலும் எண்ணெய்தான் என்றால், அந்தப் பேச்சை எதைக் கொண்டு சோதிப்பது?

எனக்கும் ஓர் ஊகம் இருந்தது. கோடையில் போர்வெல் தண்ணீர் உப்பேறிவிட்டது, அதுதான் காரணம் என்று. அதே தண்ணீர், அதே சோடா, கொஞ்சம் துணி எடுத்துப் போய் வீட்டு அண்டாவில் அவித்தேன். ஒரு துண்டு விடாமல் முங்கியது. என் ஊகம் அத்தோடு போயிற்று. நானே கண்டுபிடித்தது என்பதால் அதை விட மனசு வரவில்லை. ஆனாலும் விட்டேன்.

அப்படியானால் அண்டாவுக்கும் பானைக்கும் என்ன வித்தியாசம்? அண்டாவில் துணி தளர்வாகக் கிடந்தது. பானையிலோ, அந்தக் கோடையில் ஆர்டர் அதிகம் என்று கூடுதல் துணி திணித்தோம். உள்ளே இறங்கி நின்று காலால் மிதித்து அமுக்கியவன் நான்தான். நடுவில் இறுகிய துணிக்குள் சோடாத் தண்ணீர் போயிருக்காது.

இதுவும் ஊகம்தான். அதனால் நடுத் துணியில் சிவப்பு நூலும் ஓரத் துணியில் பச்சை நூலும் கட்டினேன். காய்ந்ததும், மடிக்கப் போகும் முன்பே, துண்டு வெட்டி வாளியில் போட்டேன். சிவப்பு மிதந்தது, பச்சை முங்கியது. மூன்று பானைக்கும் அப்படியே. நாலாவது பானையை மாஸ்டர் முன்னால் செய்தேன்.

"இது இன்னும் பொம்பளைய கை படாத துணி, மாஸ்டர்."

மாஸ்டர் மிதந்த துண்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏலே, உள்ள நின்னு மிதிச்சது யாரு?"

"நாந்தான். அதுக்கு என்னைய நிறுத்துங்க. அவியள நிறுத்தாதீய."

அடுத்த பானையை மிதிக்காமல் அவித்தோம். எல்லாம் முங்கியது. என்னை நிறுத்தவில்லை, விறகு சுமக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

சில வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு யூனிட்டில் துணி மிதக்கிறது என்று மைத்துனர் சொன்னார். வேறு தண்ணீர், வேறு ஆட்கள். நான் போய்ப் பார்க்காமலே, பானை நடுவில் இருப்பதுதான் மிதக்கும், மெழுகு போகாத துணி சரியாக வெளுக்காது என்பதால் அதில் லேசாகப் பழுப்பும் இருக்கும் என்றேன். அப்படியே இருந்தது. பல இடத்தில் சோதித்தும் விழாமல், பல கேள்விக்கு ஒரே பதிலாக நிற்பதைத்தான் படித்தவர்கள் கோட்பாடு என்கிறார்கள். நான் கண்டது அதில் ஒரு பொடி அளவுகூட இருக்காது. ஆனால் மாஸ்டர் வாயில் வந்ததையும் அதையும் ஒரே பெயரால் கூப்பிட நான் ஒப்பமாட்டேன்.

இராஜபாளையத்தில், மாஸ்டர் கெடு வைத்த அந்த மாசக் கடைசியில் எந்தப் பெண்ணும் வேலையை விட்டு நிற்கவில்லை. மாஸ்டர் எண்ணெய்ப் பேச்சை வாபஸ் வாங்கவும் இல்லை. மறுநாள் காலை என் மனைவி நெற்றியில் வழிகிற அளவுக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு, அவர் மேஜையை ஒட்டியே நடந்து மடிக்கப் போனாள்.