நெறியாளரின் கைநாட்டு

முஹ்ஸினாவின் முனைவர் பட்டப் பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிறது. நீட்டிப்பும் வாங்கித் தீர்த்தாயிற்று. குற்றால அருவிகளில் கரையும் சோப்பும் எண்ணெயும் பாறைப்பாசிகளை என்ன செய்கின்றன என்பது அவள் ஆய்வு. கல்யாணம், பிள்ளைப்பேறு, கணவன் அல்தாப் துபாய்க்குப் போனது என்று எல்லாவற்றுக்கும் நடுவே எழுதி முடித்து, ஆய்வேட்டை பைண்டு பண்ணியும் விட்டாள். நெறியாளர் சுந்தரபாண்டியனின் கையெழுத்துதான் பாக்கி.

அவரோ பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் வலது கையும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் குற்றாலம் வீட்டுக்கு வந்திருந்தார். எழுந்துவிடுவார் என்று நம்பி அவளும் நாளைக் கடத்தியிருந்தாள்.

வியாழக்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் பிரிவு அலுவலர் ஆய்வேட்டைத் திருப்பித் தள்ளினார்.

“நெறியாளர் சான்றிதழ் இல்லாம வாங்க முடியாதும்மா. ஆளை மாத்தணும்னா குழு கூடணும். அது அடுத்த மாசம்தான்.”

“அதுக்குள்ள என் பதிவே ரத்தாயிருமே சார். இடது கையால போட்டா?”

“பழைய கையெழுத்தோட ஒத்துப்போகாது. டாக்டர் முன்னால கைநாட்டு வச்சு, அவரும் சான்று குடுத்தா வாங்கிக்கிடுதேன்.”

திரும்பும் பஸ்ஸில் அல்தாப் போனில் அழைத்தான். “போதும்ட்டி, விட்டுரு. மனுசன் சாகக் கெடக்காரு, அவருகிட்ட போயி நிப்பியா?” அவள் போனை வைத்துவிட்டாள். நிற்கத்தான் போகிறோம் என்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

நேரே குற்றாலம் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் சுந்தரபாண்டியனின் மனைவி ஆனந்தவள்ளி வாசலிலேயே மறித்தார்.

“தண்ணி கூட எறங்க மாட்டேங்குது அவருக்கு. கைநாட்டு வாங்க வந்திருக்கியா? எத்தன பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்ட கை அது, தெரியுமா?”

“தெரியும்மா. எனக்கு வேற வழி தெரியல.” முஹ்ஸினா அங்கேயே உடைந்து அழுதாள்.

உள்ளே கட்டில் சட்டத்தை யாரோ தட்டும் சத்தம். சுந்தரபாண்டியன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இடது கையை நீட்டிப் பேனா கேட்டார். பழைய செய்தித்தாளில் தன் பெயரை எழுதப் பார்த்தார். கோடுகள் கோணிக்கொண்டு ஓடின. மறுபடி, மறுபடி. கடைசியில் பேனாவை வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆனந்தவள்ளியே தெருக்கோடி டாக்டரைக் கூட்டிவந்தார். கணவரின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் வைத்தபோது, அவர் வாய் கோணி ஒரு சத்தம் வந்தது. அழுகைதான். முஹ்ஸினாவால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் தாளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் நின்றாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

தேர்வாளர்கள் இருவரில் ஒருவர் ஏற்றுக்கொண்டார். வெளிமாநிலத்து ஆள் மட்டும் இரண்டு அத்தியாயங்களைத் திருத்தி அனுப்பச் சொன்னார். அந்த அறிக்கை வந்தபோது சுந்தரபாண்டியன் உயிரோடு இல்லை. புதிதாகப் போட்ட நெறியாளருக்குப் பாசி பற்றி ஒன்றும் தெரியாது. “நீங்களே பாத்து எழுதிருங்க மேடம்” என்றார் அவர். விவாதிக்க ஆளில்லாமல், சரியா தவறா என்று கேட்க நாதியில்லாமல், பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் தேதி வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால், தேர்வாளர் பதில் போடவில்லை என்கிறார்கள். இவள் மறுநாளும் போன் போடுகிறாள்.