சங்கிலி அண்ணன் மீன் சாப்பிட்ட காலை

கொலைகாரன் என்று பெயர் வாங்கியவனைக் குற்றமற்றவன் என்று நிரூபித்தால் வக்கீலுக்கு மாலை போடுவார்கள். நல்ல புத்தியோடு இருக்கிற ஆளை நல்ல புத்தியோடுதான் இருக்கிறார் என்று நிரூபித்தால், அப்படியானால் இத்தனை நாள் உனக்கே சந்தேகமா என்று கேட்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ கோர்ட்டில் கறுப்புக் கோட்டுக்குள் என்னோடு வேர்த்துக் கொட்டிய சகாக்களே, உங்களுக்கு இது புதிதில்லை.

சாமிக்கு ஜாமீன்

சங்கிலி அண்ணன் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டக்காரர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அங்கேயே குலை வெட்டிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனுக்கு விரதம் இருந்தார். திருவிழாச் சாமான் வாங்க ஈப்போவுக்கு வந்த அன்று, எதிரே சீனக் கோயில் ஊர்வலம். மேளம் காதில் விழுந்ததும் அவருக்குச் சாமி வந்துவிட்டது. நடுரோட்டில் ஆடி, வண்டிகளை நிறுத்தி, தடுக்க வந்த போலீஸ்காரருக்குக் குறியும் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. மனநிலை சரியில்லை என்று கோர்ட்டில் நிறுத்த, சில வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கும்படி உத்தரவாகிவிட்டது.

விசாரணையில் பைத்தியம் என்று முடிவானால் கல்யாணம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்து அழுதார். விடுவதில்லை என்று கேஸை எடுத்தேன். ஆபீஸ் காகிதமெல்லாம் பார்க்கும் எங்கள் கிராணிக்குப் பிடிக்கவில்லை.

"கொலைகாரனுக்கு ஜாமீன்னா வழி தெரியும்லா. சாமிக்கு ஜாமீன் யாருகிட்டப் போயி கேக்குறது?"

நான் சொல்லிக் கொடுத்த ஒரு வார்த்தை

டாக்டர் நல்ல மனிதர். தூக்கம், பேச்சு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் சாமி உன் மேல் வருமா என்று கேட்டால் மட்டும் அண்ணன் சிரித்த முகமாக "வருமே" என்கிறாராம். அதை எதில் சேர்ப்பது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. கோர்ட்டே முடிவு செய்யட்டும் என்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோர்ட்டில் கேட்டால் வராது என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன், மகள் பெயரைச் சொல்லி மிரட்டினேன், கோபித்துக்கொண்டு எழுந்தும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

"வர்ற சாமிய வரலன்னு சொன்னா, அதுதாம்மா பைத்தியம்."

காலைச் சாப்பாடு

விசாரணை அன்று எனக்கு ஒரே பயம். திருவிழாக் காலம், எந்தத் தெருவில் எந்த மேளம் கேட்கும் என்று சொல்ல முடியாது. கூண்டிலேயே இவர் ஆடிவிட்டால் கேஸும் கல்யாணமும் அத்தோடு சரி. மாஜிஸ்திரேட் ஒரு சீனர். சாமி வருமா என்று கேட்டார். வரும் என்றார் அண்ணன். இப்போது வருமா?

"இன்னிக்கு வராதுங்கய்யா. காலையில மீன் கறி சாப்பிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் அவர் மனைவி மடியில் மீன் கறி கொண்டுவந்த மங்குத் தட்டோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகளுக்காக இருந்த விரதத்தை மகளுக்காகவே முறித்திருக்கிறார் மனிதர். இந்த வருஷம் கரகம் தூக்க முடியாது.  நான் எழுந்து, விரதம் என்றால் என்ன, கவுச்சி பட்டால் சாமி ஏன் வராது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார்.

"விரதம் இருந்தால் வரும், மீன் சாப்பிட்டால் வராது. இவ்வளவு ஒழுங்கான ஆளை நான் எங்கே அனுப்புவது? இவர் மனநிலையில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போகட்டும்."

சம்பந்தியம்மா

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா. தீர்ப்பைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று குனோங் ராபாட்டிலிருந்து வந்திருந்தார். இனியும் ஏதாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அந்தம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கல்யாணம் நடக்கும்மா. ஆனா அடுத்த வருஷம் சம்பந்திய மீன் பக்கமே விடாதீங்க, என் மூத்த மகளுக்குப் பிள்ளை எப்பன்னு சாமிகிட்ட கேக்கணும்லா."

சகாக்களே, மனநலச் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்திருந்த எனக்கு, அதில் மீனைப் பற்றி ஒரு பிரிவுகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.