சாயத்தண்ணியில் ஊறிய பழ வளையங்கள்

கலர் கலரான வளையங்கள், பெட்டியைத் திறந்தாலே ஸ்ட்ரோபெரி மணம். காலையில் பிள்ளைகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்கும் சாப்பாடு. அதை விற்கக் கம்பனி என்னைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், நான் ராகலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பதுதான். "ஒங்க ஆளுங்கதானே, நீங்க சொன்னா வாங்குவாங்க" என்றார் மேனேஜர். வாங்கத்தான் செய்தார்கள்.

போன மாதம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா வாசலில் கடை போட்டேன். பழத்தின் சத்தெல்லாம் இதற்குள் இருக்கிறது என்று வாய் கூசாமல் பேசினேன். மகளை இடுப்பில் வைத்திருந்த ஓர் அக்கா பெட்டியைத் திருப்பி நீட்டினாள்.

"பால்மா விக்கிற வெலையில பாலுக்கு நாங்க எங்க தங்கச்சி போறது?"

வந்த வியாபாரம் போகிறதே என்று எனக்கு எரிச்சல். "வெறும் சாயத்தண்ணியில போட்டுக் குடுங்கக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்றேன். பாலில்லாத தேநீரில் போடலாம் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. முழுக்க என் சொந்தச் சரக்கு.

இந்த மாதம் போனபோது உள்ளே பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காவின் மகள் எடை குறைந்திருந்தாள். என்ன கொடுக்கிறாய் என்று மருத்துவமாது மிஸ் கேட்டார்.

"பழ வளையந்தான் மிஸ். அத ருசி கண்டதுலேருந்து ரொட்டியத் தொட மாட்டேங்குறா. சத்துமாவையும் துப்புறா."

"பால் ஊத்துறீங்களா?"

"சாயத்தண்ணி."

"சாயத்தண்ணியா? யாரு சொன்னா?"

நிமிர்ந்த அக்கா, பெட்டிகளோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டாள். என் வேலை போய்விடும் என்று நினைத்திருப்பாள். "யாரும் சொல்லல மிஸ். நானாத்தான் குடுத்தேன்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "விக்கிற நீங்களாவது சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"பால்லதான் போடணும்னு பெட்டியிலயே இருக்கே மிஸ்" என்றேன்.

இருந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் நாக்கு அழுகிப் போயிருக்கலாம். வாசித்துப் பார்க்க மாட்டாயா என்று அத்தனை தாய்மார் முன்னாலும் மிஸ் அவளைத் திட்டினார். "இனிமே பாக்குறேன் மிஸ்" என்று சொல்லி அவள் மகளைத் தூக்கிக்கொண்டாள்.

என்னைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"மழ வருது தங்கச்சி. பெட்டியெல்லாம் நனையப் போகுது, உள்ள எடுத்து வைங்க."

வெட்கங்கெட்டவள், எடுத்து வைத்தேன்.