காய்ச்சல் விட்ட நாள்

உளுந்துக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த சமயம், பதினான்கு வயதான என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய தெர்மாமீட்டர் வீட்டில் கிடந்தது. காய்ச்சல் மாத்திரையும் ஈரத்துணியுமாக இரண்டு நாள் நானே பார்த்துக்கொண்டேன். டாக்டர் இல்லாமலே சமாளிக்கிறேன் என்று கொஞ்சம் மிதப்பு வேறு எனக்கு.

மூன்றாம் நாள் அவள் கையிலும் முதுகிலும் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. அம்மை என்று தீர்மானித்ததும் நான்தான். எங்கள் ஊரில் அம்மை போட்டால் அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். மருந்து, ஊசி எதுவும் ஆகாது. மாத்திரையை நிறுத்தினேன், வாசலில் வேப்பிலை செருகினேன், வீட்டில் கடுகு தாளிக்கக்கூட விடவில்லை.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று நிம்மதியாகப் புஞ்சைக்குக் கிளம்பினேன். மனைவி வழியை மறித்தாள்.

"புள்ள வயிறு வலிக்குதுங்குறா. ரெண்டு தடவ வாந்தியெடுத்துட்டா. கை காலெல்லாம் சில்லுன்னு கெடக்கு. ஒரு எட்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருவோம்."

"காய்ச்சல் விட்டா சில்லுன்னுதான் இருக்கும். அம்மை போட்ட புள்ளைக்கு ஊசி போட்டா சாமி சும்மா விடுமா?" என்று கத்திவிட்டுப் போனேன்.

மத்தியானம் மனைவியிடமிருந்து போன் வந்தது. பிள்ளை எழுந்து நிற்க முடியாமல் விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். இந்தக் காய்ச்சலில், சூடு இறங்கும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரமாம். வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லிடுவது என்றால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம். காலையிலேயே ஏன் வரவில்லை, யார் தடுத்தது என்று டாக்டர் கேட்டார். செய்தி கேட்டு வந்த என் அண்ணன் குடும்பம் சுற்றிலும் நின்றது.

"நாந்தான் வேண்டாம்னேன். அம்மைன்னு நெனச்சிட்டேன்" என்றாள் மனைவி.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது. மறுநாள் பிள்ளை இறந்துபோனாள்.

மூடத்தனத்தால் பெற்ற மகளைக் கொன்றவள் என்று அண்ணன் வீட்டில் இன்றும் என் மனைவியைத்தான் பேசுகிறார்கள். பேசும்போது நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.