கை கட்டையான சட்டை

மைக்கைப் பிடிப்பதற்கு முன் அக்கா உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். வாவிக்கரையில் உள்ள எங்கள் சிறிய கலாசார மண்டபத்தில் மாதம் ஒரு பின்னேரம் நகைச்சுவைக் கூட்டம் நடத்துகிறோம். ஒருவர் தனியாக நின்று தன் கதையைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். பேச வருபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில், குருக்கள்மடத்திலிருந்து பஸ் ஏறி வரும் தையல்கார அக்கா. எனக்கு உறவில்லை, எல்லோருக்கும் அவர் அக்காதான். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளைமாரை அவர் நடித்துக் காட்டினால் மண்டபமே குலுங்கும்.

யுத்த காலத்தில் கடைக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். மேடையில் அதை அக்கா தொட்டதில்லை. வீட்டிலும் தொட்டதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருமுறை மகளையும் கூட்டி வந்தார். தகப்பன் காணாமல் போனபோது கைக்குழந்தையாக இருந்தவள். அன்று அக்கா மாப்பிள்ளைமாரை விட்டுவிட்டார்.

"ஒவ்வொரு விசாரணையிலயும் கேக்காங்க, மனிசன் போகக்குள்ள என்ன நிறச் சட்டை போட்டவர் எண்டு. இவ்வளவு காலமா அதே சட்டையோடயா ஐயா நிப்பார்? மாத்தியிருக்க மாட்டாரா?"

சனம் சிரித்தது. மகள் எழுந்து வெளியே போனாள். அக்கா அதைக் கண்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அழுதிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டேன். மெஷினை மிதித்தபடியே சொன்னார்: "விசாரணையில அழுது சொன்னன், எழுதிக்கொண்டு போனாங்க. சிரிச்சுச் சொன்னன், சனம் கேட்டிச்சு தம்பி. எனக்கு அது ஆறுதல்தான். ஆனா பிள்ளைக்கு நொந்து போச்சு. இனி வேணாம்."

சிரிப்பு எல்லோருக்கும் பொதுவானது என்று நம்பித்தான் இந்தக் கூட்டங்களைத் தொடங்கினேன். ஒரே கதை ஒருவருக்கு மருந்தாகவும் பக்கத்தில் இருப்பவருக்குக் காயமாகவும் இருக்கலாம் என்பது அந்த வீட்டில்தான் எனக்கு உறைத்தது.

போன மாரியில் காய்ச்சலில் படுத்த அக்கா எழும்பவேயில்லை. செத்தவீட்டில் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சில மாதங்கள் கழித்து, மண்டபத்தில் நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அண்ணா, அண்டைக்கு நான் போன பிறகு அம்மா என்ன சொன்னவ?"

எனக்கு அக்காவைப் போலச் சொல்ல வராது. தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். ஊருக்கெல்லாம் தைத்த அக்கா, புருஷனுக்குத் தைத்த முதல் சட்டையில் ஒரு கையைக் கட்டையாக வெட்டிவிட்டாராம். மனிசனோ அதையே போட்டுக்கொண்டு திரிந்தாராம். கேட்டவர்களிடம், இதுதான் புது மொடல் என்றாராம். அதை நம்பி இரண்டு பேர் அதே மாதிரித் தைத்துத் தரச் சொல்லி வந்தார்களாம். கடைக்குப் போன அன்றும் அந்தச் சட்டைதானாம்.

அவள் சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா பகிடிக்காரரா?"

"அப்பிடித்தான் போல, தங்கச்சி."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தகப்பனைப் பற்றி அவள் கேட்ட முதல் கதை அது.

"மறுகா?" என்றாள், மிச்சத்தையும் கேட்கும் ஆவலில்.

அதற்குப் பிறகு அக்கா எதுவும் சொல்லவில்லை. நடந்ததைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"மறுகா, மைக்க வச்சிற்று, உன்னத் தேடித்தான் வெளிய ஓடினவ."