ஆறு அங்குலத் தரை

"காரைத் தூக்குற ரெட்டைத் தூண் லிஃப்ட்டுன்னா, தரையில நாலு அங்குல கான்கிரீட்டாவது இருக்கணும் சார்" என்றார் கடைக்காரர்.

"ஆறு அங்குலம்! என் கையால போட்ட தரை" என்று மார்தட்டி, அதையே ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார் டாக்ஸிக்காரர். பளுவைப் பரவலாகத் தாங்கும் அகலமான அடிச்சட்டத்தோடு, மெல்லிய தரைக்கும் ஏற்றதாகப் பக்கத்திலேயே இருந்த குட்டை லிஃப்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூடவே வந்திருந்த மனைவிக்கோ, தரை போட்ட அன்று தான் குழைத்துக் கொடுத்த சிமென்ட்டின் அளவு நினைவிருந்தது. தூக்கிய காருக்கு அடியில் நிற்கப் போவது இந்த மனுஷன்தானே! வீட்டுக்கு வந்ததும் டிரில்லிங் மெஷினை எடுத்து கராஜ் தரையில் ஊன்றினாள்.

"என்னை நம்பமாட்டியா?"

"உங்களை நம்பறேன். தரையைத்தான் நம்பல."

மெஷின் அலறியது. ஓர் அங்குலம். இரண்டு. மூன்றைத் தொடுவதற்குள் முனை பொசுக்கென்று உள்ளே இறங்கி, ஈரமண்ணோடு வெளியே வந்தது.

அவள் கடைக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, குட்டை லிஃப்ட்டையே கேட்டாள்.

"நல்லவேளை, தப்பிச்சீங்கம்மா! அந்தத் தரையைப் போட்ட ஆளைச் சும்மா விடாதீங்க."

"விடுவேனா? இங்கதான் நிக்கிறாரு."