பேர் கூப்பிட்டதும் காலியான வகுப்பு

கூட்டாளிங்களா, இன்னைக்கு செடெனாக் ரப்பர் தோட்டப் பள்ளியில முதல் வகுப்புக்குத் தனியா பாடம் எடுத்தேன். பெரிய வாத்தியார் பின்னால உட்கார்ந்திருந்தார். அவர் சரின்னாத்தான் நான் வாத்தியார்.

கணீர்னு பேர் கூப்பிட்டேன். பேரைக் கேட்ட ஒவ்வொரு பிள்ளையும் "இருக்கேன்யா"ன்னு எழுந்து வெளியே போயிருச்சு. கடைசியில அறையே காலி.

ஓடிப் போய்ப் பார்த்தா, ஆளுக்கொரு ரப்பர் மரத்தடியில நிக்குதுங்க.

"ஏன் வெளியே வந்தீங்க?"

"காலையில பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கறப்ப கங்காணி பேர் கூப்பிட்டதும் எங்கம்மா வேலைக்காட்டுக்குப் போயிருமே"ன்னுச்சு ஒரு பொண்ணு.

சரி, மரத்தை எண்ணுங்கன்னு அங்கேயே கணக்குப் பாடம் நடத்திட்டேன். பெரிய வாத்தியார் சிரிச்சுக்கிட்டே, "நாளைக்கும் நீங்களே எடுங்க தம்பி"ன்னார்.

பள்ளி விடுற மணி அடிச்சும் ஒரு பிள்ளையும் நகரல. கங்காணி மாதிரி "போங்க"ன்னு ஒரு சத்தம் போட்டேன், பறந்துருச்சுங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க, நான் பாஸானது எந்த வேலைக்கு?